பட்டு மீனவர்

காஞ்சிபுரத்தில் கடல் கிடையாது. இதை ஒருத்தி எழுதித்தான் தெரியப்படுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கக் காகிதம் ஒன்றில் நான் மீனவர் என்று பதிவாகியிருப்பதால், முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கு நல்லது. எங்கள் ஊரில் கடல் இல்லை. பாலாற்றில்கூடத் தண்ணீர் எப்போதாவதுதான். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதும் இல்லை, சமைப்பதும் இல்லை. பக்கத்துத் தெருவில் யாராவது வறுத்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

அப்படிப்பட்ட வீட்டில், இருபது வருஷத்துக்கு மேலாக, விடிந்தும் விடியாத நேரத்தில் நான் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு மீனவர்களுக்கான வானிலைச் செய்தியைக் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை விட்டதில்லை. எனக்குக் குமரிக்கடல் தெரியும், மன்னார் வளைகுடா தெரியும், தென்மேற்கு வங்கக்கடலும் அதை ஒட்டிய பகுதிகளும் தெரியும். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் எந்த ஊர் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

காரணம் பாவு. எங்கள் தெருவில் எல்லாரும் பட்டு நெய்கிறவர்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் சேலையின் நீளவாட்டு நூலை, அதைத்தான் பாவு என்கிறோம், தெருவில் நீளமாக இழுத்துக் கட்ட வேண்டும். கஞ்சி போட்டு, பிரஷ்ஷால் நீவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் சுள்ளென்று ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒருவர் இருவரால் ஆகிற வேலை இல்லை, அக்கம்பக்கம் எல்லாம் கை கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பத்து நிமிஷம் மழை அடித்தால் போச்சு. கஞ்சி கரைந்து, இழையோடு இழை ஒட்டிக்கொண்டு, பாவு முழுக்கச் சிக்காகிவிடும். அதைப் பிரிப்பதற்குள் குடும்பமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே எங்கள் தெருவுக்குக் காலையில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மழை வருமா, வராதா? உலகத்தில் மற்றது எது நடந்திருந்தாலும் பாவைச் சுருட்டிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு எல்லாரும் கேட்கிற வானிலைச் செய்தி போதாதா என்றால், போதாது. அவர்கள் பேசுகிற பேச்சே எனக்குப் பிடிக்காது. ‘ஓரிரு இடங்களில் லேசான மழைக்கு வாய்ப்பு உள்ளது. வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்.’ அந்த ஓரிரு இடம் எது? எங்கள் தெருவா, மாகறலா, திருப்புட்குழியா? பெய்தால் சொன்னோமே என்பார்கள். பெய்யாவிட்டால் வாய்ப்பு என்றுதானே சொன்னோம் என்பார்கள். பெண் பார்க்க வந்து பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று நழுவுகிறவர்கள் பேச்சு அது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, பக்திப் பாட்டைத் தேடி ரேடியோவின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் சிக்கியது. நிதானமான குரல். காற்று எந்தத் திசை, அலை எப்படி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னது: ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ அவ்வளவுதான். வாய்ப்பு இல்லை, ஓரிரு இடம் இல்லை. போகாதே என்றால் போகாதே. எனக்கு அந்த ஆள்மேல் அந்த நிமிஷமே மரியாதை வந்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் நமக்கு மழை வருவது கடலிலிருந்துதான். கடலில் இருக்கிறவனுக்கே போகாதே என்று சொல்லிவிட்டால், தெருவில் இருக்கிற எனக்கு அது போதும்.

அன்று எதிர்வீட்டில் பாவு நீட்ட எல்லாம் எடுத்து வைத்துவிட்டார்கள். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. நான் வாசலில் நின்று, இன்றைக்கு வேண்டாம் என்றேன். நேற்று வந்த மருமகள் நமக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். பாவு பாதி நீவியிருக்கும்போது மழை கொட்டியது. சிரித்தவர்கள் எல்லாரும் பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினதை நான் வாசலிலிருந்தே பார்த்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, அதைவிடச் சந்தோஷமும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதற்கப்புறம் தெருவில் வழக்கமாகிவிட்டது. ரேடியோவை அணைத்துவிட்டு நான் வாசலுக்கு வருவேன். அதற்குள் கஞ்சி போடுகிறவர் வாளியோடு வந்து நிற்பார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தினமும் கேட்கிற கேள்வியை மட்டும் அதே பாஷையில்தான் கேட்பார்: “வான வஸ்துந்தா?” மழை வருமா என்று அர்த்தம். நான் உடனே சொல்ல மாட்டேன். ஒரு மூச்சு விட்டு, கிழக்கே ஒரு பார்வை பார்த்து, அப்புறம்தான் “நீட்டுங்க” என்றோ “வேணாம்” என்றோ சொல்வேன். கிழக்கே பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் துணிதான் தெரியும். ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மாமியார் வீட்டில் உப்பு போதுமா என்றுகூட என்னைக் கேட்காத காலம் அது. அந்த நிமிஷத்துக்காகவே நான் அலாரம் இல்லாமல் எழுந்துகொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு சட்டமும் ஏற்பட்டது. யார் போட்டது என்று தெரியாது, எல்லாருக்கும் தெரிந்த சட்டம். நீட்டச் சொன்னவள் பாவின் தலைமாட்டில் நின்று முதல் கை கொடுக்க வேண்டும். சொன்னது பொய்த்து நனைந்துவிட்டால், அந்தப் பாவைச் சொன்னவள் வீட்டுக்குள்தான் கொண்டுவந்து கட்டிக் காயவைக்க வேண்டும். கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு, அங்கிருந்து பின்கட்டுக்கு, மறுபடியும் கூடத்துக்கு என்று மடித்து மடித்து இழுத்துக் கட்டுவார்கள். காய்கிறவரைக்கும் தெருவே எங்கள் வீட்டில்தான் காப்பி குடிக்கும், குடித்துக்கொண்டே என்னைத் திட்டும். என் வீட்டுக்காரர் குளிக்கப் போவதற்குப் பாவுக்கு அடியில் தவழ்ந்து போவார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. தவழும்போது மட்டும் ‘ம்’ என்று ஒரு சத்தம் வரும்.

தெருவில் எனக்கு ‘கூண்டக்கா’ என்று பெயர் வந்தது. துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நான்தான் ஏற்றி இறக்குகிறேன் என்கிற மாதிரி. பிறகு அது பேச்சில் கலந்துவிட்டது. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டால், “அங்க மூணாம் நம்பர் ஏத்தியாச்சு, போவாதீங்க” என்பார்கள். எங்கள் வீட்டில் எத்தனையாம் நம்பர் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவர் சும்மா விரல்களைக் காட்டுவதாகக் கேள்வி. ஒரு கை போதவில்லை என்றும் கேள்வி.

எல்லாம் சரியாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆனி மாதம் ரேடியோ தினமும் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்றது. நானும் தினமும் வாசலுக்கு வந்து வேண்டாம் என்றேன். வெயிலோ மண்டையைப் பிளந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. தெரு முழுக்கப் பாவை உள்ளேயே வைத்துக்கொண்டு, புழுக்கத்தில் விசிறிக்கொண்டு, வராத மழைக்குப் பயந்து உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ கஞ்சி போடுகிறவருக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ என்னதான் சொல்கிறது, அப்படியே சொல்லம்மா என்றார். சொன்னேன்: “அரபிக்கடல்ல பலத்த காத்து, மீனவர்கள் போவ வேணாம்.” திண்ணமாகச் சொன்னேன். தெருமுனையில் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அரபிக்கடல் கேரளாப் பக்கம் இருக்குதும்மா” என்றார்.

நான் என்ன கண்டேன்? எனக்குக் கடல் என்றால் கடல். மெரினாவில் ஒரு தடவை கால் நனைத்திருக்கிறேன், அதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரு தெருவையே வேறு ஒரு தேசத்து மழைக்காக உட்கார வைத்திருக்கிறேன். அன்றைக்கு வாங்கிய பேச்சு இன்னும் செரிக்கவில்லை. மறுநாளே வாத்தியாரிடம் கேட்டு ஒரு தேசப்படம் வாங்கி, தறிக்கு எதிரே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வங்கக்கடலுக்கு மஞ்சள், அரபிக்கடலுக்குக் குங்குமம். அப்புறம் கடல் விஷயத்தில் நான் தவறியதில்லை. மழைதான் சில தடவை தவறியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரலே ஒரு நாள் காலை, வானிலை சொல்லி முடித்த பிறகு, இன்னொன்றும் சொன்னது. மீனவர்களுக்கான காலை வானிலைச் செய்தியை இனிமேலும் வானொலியில் தொடர்வதா, கைபேசிக்கே மாற்றிவிடுவதா என்று ஆலோசிக்கிறார்களாம். கேட்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு, கடலோர ஊர்களில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து கருத்தைச் சொல்லலாமாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீனவர்கள் என்ன ஆவார்கள் என்று முதலில் நினைத்திருந்தால் நான் நல்லவள். நான் நினைத்தது என் வாசலைத்தான். ரேடியோ போனால் எனக்கு மட்டும் தெரிகிற செய்தி போச்சு. நாளைக் காலையில் எவரும் வாளியோடு வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான் நெய்த சேலை எந்தக் கல்யாணத்துக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. தெருவில் எனக்கு என்று இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

எதிர்வீட்டு மருமகளைக் கூப்பிட்டேன். இது முன்னே சிரித்தார்களே, அவர்களுடைய பிள்ளையின் மனைவி. செவிலிமேட்டுப் பெண். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே தறியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் விரல் போனில் ஓடுவதைப் பார்த்தால் தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுவது மெதுவாகத் தெரியும். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்காக்கா இவ்ளோ டென்ஷன்? போன்லயே வருதுக்கா. பாருங்க, இன்னிக்கு நாப்பது பர்சன்ட்டு.”

“நாப்பது பர்சன்ட்னா இன்னா அர்த்தம்? பாவுல நாப்பது பர்சன்ட் நனையுமா?”

“அய்யோ, சான்ஸுக்கா.”

“அதுவும் லெட்டர் போடறோம்னு சொல்ற கேஸுதானா? மூடி வை. எனக்கு அந்தக் கூட்டத்துக்குப் பேர் குடுத்து வுடு.”

அவள் போனில் படிவத்தைத் திறந்தாள். தொழில் என்று ஒரு கேள்வி. மீன்பிடித்தல், மீன் விற்றல், வலை பின்னுதல், படகு கட்டுதல் என்று நாலுதான் இருந்தது. நெசவு இல்லை. அதில் ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்விக்குப் போகவிடாது. “வலை பின்னுறதுன்னு போடட்டாக்கா? நூல் வேலதானே” என்றாள். சரி என்றேன். படகின் பதிவு எண் என்று அடுத்தது. அதையும் காலியாக விடக்கூடாதாம். இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்தோம். கைத்தறிக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் தறிக்கு ஒரு நம்பர் கொடுத்து வாசல் கதவில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் படித்துச் சொன்னேன், போட்டுவிட்டாள். படகு எந்த இறங்குதளத்தைச் சேர்ந்தது என்று கேட்டதற்குக் காஞ்சிபுரம் என்றே கொடுத்தோம். போன் ஒரு மறுப்பும் சொல்லாமல் நன்றி என்றது.

கூட்டம் கடலோரத்தில் ஒரு மீனவர் ஊரில், சமுதாயக் கூடத்தில் நடந்தது. செங்கல்பட்டில் பஸ் மாறிப் போனோம். என் வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கருவாட்டு வாடை வந்தது. அவர் கையைத் தூக்கி ஜன்னலைத் தேடினார். வெட்டவெளியில் எந்த ஜன்னலைச் சாத்துவது? துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கூடம் நிறைய மீனவர்கள். நான் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். அரசாங்கக் கூட்டமாயிற்றே என்று. மற்றவர்கள் எல்லாரும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். கல்யாண வீடு என்று தப்பாக நுழைந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பெண் என்னை வெளியே அழைத்துப்போகக்கூடப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. சின்ன வயது, களைத்த முகம். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், திடீரென்று நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“காஞ்சிபுரம் இறங்குதளம்?”

நான் எழுந்து நின்றேன். கூடமே சிரித்த சிரிப்பில் மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

“அங்க இன்னா மீனும்மா மாட்டுது?” என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வெயிலில் கறுத்து உப்பில் வெளுத்த முகம், படகுக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். பாவு என்றால் என்ன, மழையில் அது என்ன ஆகும், இருபது வருஷமாக உங்களுக்குச் சொல்கிற செய்தியைக் கேட்டுத்தான் நாங்கள் தெருவில் இறங்குகிறோம் என்று ஒரு மூச்சில் சொன்னேன். நீங்கள் கடலுக்குப் போகாத நாளில் நாங்களும் பாவு நீட்டவில்லை, அதற்காவது ஒரு மரியாதை கொடுங்கள் என்றேன். அரபிக்கடல் கதையை மட்டும் சொல்லவில்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “அம்மா, போன்ல இன்னும் தெளிவா, ஊருக்கு ஊர் தனித்தனியா வரும். ரேடியோவுல கேக்கறவங்க கொறஞ்சிட்டாங்க. அதனாலதான் இந்தக் கூட்டமே” என்றார்.

சிரிக்க வைத்த படகுக்காரர் இப்போது எழுந்தார். “சார், போனு கரையிலதான் போனு. கொஞ்ச தூரம் உள்ள போனா அது வெறும் டார்ச்லைட்டு. ரேடியோ வந்துக்கினே இருக்கும். அது மட்டும் இல்ல சார். அந்த ஆளு போவாதன்னு சொல்றப்ப, நாங்க சில நாளு திட்டிக்கினேதான் போவோம். ஆனா சொல்றதுக்கு ஒரு ஆளு கரையில குந்திக்கினு இருக்கறான்னு இருக்குது பாரு, அது வேற.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக அவர்களுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அவர்களைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடப் போனபோது எட்டிப் பார்த்தேன். என் பேருக்கு எதிரே ‘மீனவர் (பட்டு)’ என்று இருந்தது. நெசவாளர் என்று மாற்றச் சொன்னேன். அந்த வகைக்கு இந்தப் படிவத்தில் இடமில்லை அம்மா என்றார். திரும்பி வரும்போது அந்தப் படகுக்காரர், பட்டு மீனவருக்கு எங்கள் ஊர் மரியாதை என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமலே என்ன என்று தெரிந்தது. எங்கள் பஸ்ஸில் முன்னால் நானும் பொட்டலமும், பின்னால் கடைசி சீட்டில் என் வீட்டுக்காரரும் வந்தோம். செங்கல்பட்டில் பூ விற்கிற அம்மாவிடம் கொடுத்த பிறகுதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சில மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு என் போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். பதிவு செய்த மீனவர்களுக்கெல்லாம் பதிவு செய்த குரலில் எச்சரிக்கை வருமாம். “மீனவர்களே, உங்கள் படகுகளைப் பாதுகாப்பான இடத்தில் கட்டி வைக்கவும்” என்று ஒரு பெண் குரல் கணீரென்று சொல்லும். பாவெல்லாம் சுருட்டி, சாப்பாடும் ஆன பிறகு, நடுப்பகலில் சொல்லும். அப்போது சொல்லி எனக்கு என்ன பிரயோஜனம்? ஒரு தடவை ஏகாம்பரநாதர் கோயில் சன்னதியில் நிற்கும்போது, அணைக்கப் போய்க் கை பட்டு, ஸ்பீக்கரிலேயே சொன்னது. குருக்கள் கற்பூரத் தட்டோடு நின்று என்னையே பார்த்தார்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காலைச் செய்தி அந்த வாரத்தோடு நிற்கிறது, இனிமேல் கைபேசியில்தான். கடைசி நாளும் அந்தக் குரல் எந்த மாற்றமும் இல்லாமல் காற்றையும் அலையையும் சொல்லிவிட்டு, வணக்கம் என்று முடித்துக்கொண்டது. நானும் ரேடியோவைப் பார்த்து வணக்கம் என்றேன். தறியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பாவு. வழக்கமான நேரத்துக்கு ரேடியோவைத் திருகினேன். சினிமாப் பாட்டு வந்தது. வாசலில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. உள்ளேயே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பலாமா? இத்தனை வருஷம் ஊரை ஆண்டுவிட்டு உடம்பு சரியில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

“வான வஸ்துந்தா?”

“ரேடியோவுல நிறுத்திட்டாங்க. மழ வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. இனிமே என்னைக் கேக்காதீங்க” என்றேன்.

யாரும் அதிர்ச்சியடையவில்லை. எதிர்வீட்டு மருமகள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். “அது இருக்கட்டும்க்கா. நீட்டலாமா, வேணாமா? அதச் சொல்லுங்க.”

“தெரியாதுன்றேன், காதுல வுழலையா?”

கஞ்சி போடுகிறவர் தலையைச் சொறிந்தார். “போன்ல பாத்துட்டோம்மா. முப்பது பர்சன்ட்டுன்னு போட்டிருக்குது.”

“எப்பத்துலருந்து போன்ல பாக்கறீங்க?”

அவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் குழந்தையைப் பார்த்தாள். குழந்தைக்குப் பதில் தெரியாது. “அது ஆச்சும்மா, நாலு வருஷம்” என்றார் கடைசியில்.

நாலு வருஷம்! நாலு வருஷமாக நான் மூச்சு விட்டு, கிழக்கே பார்த்து, துணிக்கொடியைப் பார்த்துச் சொன்னதெல்லாம் இவர்களுக்கு முன்னாலேயே தெரியும். “அப்ப தெனம் என் வாசல்ல வந்து நின்னீங்களே, அது இன்னா கூத்தா? என்னைப் பாத்தா பைத்தியக்காரியா தெரியுதா?” என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதற்காக இன்னும் கோபம் வந்தது.

“கோச்சிக்காதீங்கக்கா” என்றாள் மருமகள். “முப்பது பர்சன்ட்டுன்னா நீட்டறதா வேணாமான்னு போனு சொல்லுமா? சொல்லாது. சரி, அது பேச்சக் கேட்டு நீட்டி நனஞ்சிடுச்சு, யாரப் போய் கேக்கறது? போனுக்கு வாசல் இருக்குதா? உங்களுக்கு இருக்குது. வந்து நின்னு நல்லா நாலு திட்டு திட்டலாம். உங்க ஊட்லயே பாவக் கட்டிக்கலாம், காப்பியும் குடுப்பீங்க. எங்களுக்கு நீங்க சொன்னாதான்க்கா கை வரும்.”

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வாளியில் கஞ்சி ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு மூச்சு விட்டேன். கிழக்கே பார்த்தேன். மாடியில் துணி ஆடாமல் அசையாமல் தொங்கியது.

“நீட்டுங்க” என்றேன்.

தலைமாட்டில் நின்று முதல் கை கொடுத்தேன். பாவு தெருவோடு நீண்டது, அரக்கு நிறத்தில். பாதி நீவி முடிக்கிறவரைக்கும் இளவெயில்கூட வந்தது. அப்புறம் என் முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. காக்கை ஏதோ செய்துவிட்டது என்று நம்பப் பார்த்தேன். அடுத்தது நெற்றியில். நிமிர்ந்தால் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல், “ஏ கூண்டக்கா! உன் வாயில…” என்று ஆரம்பித்தது. மிச்சம் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

ஓடினோம். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஓடியதில்லை. கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு, சமையல்கட்டிலிருந்து பின்கட்டுக்கு, அங்கிருந்து திரும்ப, என்று என் வீடு முழுக்க ஈரப்பாவு. மின்விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இழை ஒட்டாமல் ஆளுக்கொரு பக்கம் நின்று விரலால் பிரித்துவிட்டோம். கஞ்சி போடுகிறவர் தெலுங்கில் திட்டினார், மற்றவர்கள் தமிழில் திட்டினார்கள். மருமகளின் மாமியார் இருபது வருஷத்துக் கணக்கையும் சேர்த்துத் திட்டினார். நான் காப்பி போட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அலமாரிமேல் இருந்த என் போன் அடித்தது. எல்லார் கையிலும் இழை, எடுக்க யாருக்கும் கை இல்லை. பாவுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர்தான் எம்பி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண் குரல் கணீரென்று சொன்னது:

“மீனவர்களே, உங்கள் படகுகளைப் பாதுகாப்பான இடத்தில் கட்டி வைக்கவும்.”

அவர் தலைக்கு மேலே நாலு வரிசையாக ஓடிய பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை வாய்க்கு அருகே கொண்டுபோய்ச் சொன்னார்:

“கட்டியாச்சும்மா.”